எல்லோரும் தூர்வாரும் கிணறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



நம் இல்லங்களில் இப்போது பாங்கொலி இரண்டு இடங்களிலிருந்து கேட்கிறது. ஒன்று பள்ளிவாசலின் மினாராவிலிருந்து, மற்றொன்று கைப்பேசியிலிருந்து. ஐவேளையும் பள்ளிக்குச் செல்வோருக்கு முதலாவது போதும். வீட்டிலிருக்கும் பெண்களுக்கும், படுக்கையிலிருக்கும் முதியோருக்கும், பாங்கு கேட்காத ஊர்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கும் இரண்டாவதே பெரும்பாலும் துணையாக இருக்கிறது. பள்ளிவாசலின் முஅத்தின் யார், அவருடைய ஊர் எது, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். கைப்பேசிக்குள் இருந்து நேரம் சொல்பவர் யார் என்று நாம் கேட்பதேயில்லை.

கடந்த மூன்று ஆண்டுகளாக அத்தகைய தொழுகை நேரச் செயலி ஒன்றின் தமிழ்ப் பகுதியில் பணியாற்றி வருகிறேன். அதனை எந்த நிறுவனமும் விற்பதில்லை. அதில் விளம்பரம் இல்லை. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள், ஒருவரையொருவர் நேரில் காணாமலேயே, அதனைச் சேர்ந்து உருவாக்கிப் பராமரித்து வருகின்றனர். நிரல் எழுதும் கல்வி எனக்கில்லை. மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதே என் தொழில். அவ்வாறிருந்தும் அங்கே எனக்கொரு பணி கிடைத்தது. உங்களில் பலருக்கும் அத்தகைய பணி காத்திருக்கிறது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

இத்தகைய மென்பொருளைத் ‘திறந்த மூல மென்பொருள்’ என்பர். ஒரு மென்பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை விவரிக்கும் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று அனுமதித்துவிடுவதே இதன் அடிப்படை. 1983ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தபோது இந்த இயக்கம் உருப்பெற்றது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் ‘லினக்ஸ்’ என்னும் கருநிரலை வெளியிட்டார். இன்று நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் யாவும் அந்த லினக்ஸின் மீதே இயங்குகின்றன. பெயர் அறியாத ஆயிரக்கணக்கானோரின் உழைப்பை நாம் அன்றாடம் சட்டைப்பையில் சுமந்து திரிகிறோம்.

நம் சமுதாயத்திற்கு இந்த ஏற்பாடு புதிதன்று. மதீனாவில் குடிநீருக்கு மக்கள் இடர்ப்பட்ட காலத்தில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைகொடுத்து வாங்கி முஸ்லிம்கள் அனைவருக்கும் உரியதாக்கினார்கள். வாங்கியவரின் வாளிக்கும் வழிப்போக்கரின் வாளிக்கும் அங்கே வேறுபாடு இருக்கவில்லை. திறந்த மூல மென்பொருளுக்கும் வக்ஃபு பத்திரம் போன்றதோர் உரிமப் பத்திரம் உண்டு. அவற்றுள் சில, ‘இதனைத் திருத்தி வெளியிடுவோர் தாம் பெற்ற அதே உரிமைகளை அடுத்தவருக்கும் வழங்க வேண்டும்’ என்று நிபந்தனை விதிக்கின்றன. முத்தவல்லியைப் போல ஒரு பராமரிப்பாளரும் இருப்பார். எந்தத் திருத்தத்தை ஏற்பது, எதனை மறுப்பது என்பதை அவர் முடிவு செய்வார். அவர் போக்கு சரியில்லை என்று கருதுவோர் மூலநிரலைப் படியெடுத்துத் தனியே நடத்திக்கொள்ளலாம். ஜமாஅத் தேர்தலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை! ஃபிக்ஹு இலக்கணப்படி இது வக்ஃபு ஆகும் என்று தீர்ப்புச் சொல்ல நான் முனையவில்லை. விளங்கிக்கொள்வதற்கான ஓர் ஒப்புமையாகவே சொல்கிறேன்.

இனி, நான் இப்பணிக்குள் வந்த விதத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் ரமலானுக்குச் சில நாள்களுக்கு முன் தம் பேரனின் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினார். “ஏன் ஹஜ்ரத், நோன்புன்னு போடாம உண்ணாவிரதம்னு போட்டிருக்கே, நாம என்ன போராட்டமா பண்றோம்?” என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். தொழுகை என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் ‘பிரார்த்தனை’ என்று இருந்தது. ஓரிடத்தில் ‘ஜெப நேரம்’ என்றும் இருந்தது. இயந்திரத்தின் மொழிபெயர்ப்பு என்பது பார்த்தவுடன் புரிந்தது. தொழுகை வேறு, துஆ வேறு என்பதை ஐந்து வயதில் மக்தபில் கற்றுக்கொடுக்கிறோம். அந்த இயந்திரத்திற்கு மக்தபில் இடம் கிடைத்திருக்கவில்லை.

சென்னையில் கணினித் துறையில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். “ஹஜ்ரத், இது திறந்த மூலச் செயலி. நீங்களே திருத்தலாம்” என்றார் அவர். அன்று மாலையே மொழிபெயர்ப்புக்கான பக்கத்தைத் திறந்து காட்டினார். இடப்புறம் ஆங்கிலத் தொடர், வலப்புறம் தமிழ்த் தொடர், கீழே ‘பரிந்துரை’ என்னும் பொத்தான். ஏறத்தாழ நானூறு தொடர்கள். அவற்றைத் திருத்துவதற்கு நிரல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழும் மார்க்கமும் தெரிந்திருந்தால் போதும்.

நோன்பு, தொழுகை போன்ற சொற்கள் பார்த்தவுடன் கண்ணில் படும் பிழைகள். அவற்றினும் பெரிய பிழை ஒன்று அமைப்புப் பகுதியில் மறைந்திருந்தது. அஸர் நேரத்தைக் கணக்கிட அங்கே இரண்டு தேர்வுகள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘தரமானது’. மற்றொன்றின் பெயர் ‘ஹனஃபி’. பெரும்பான்மை மத்ஹபுகளின் வழக்கமான முறை என்னும் பொருளில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சொல்லை இயந்திரம் ‘தரமானது’ என்று ஆக்கிவிட்டது. அப்படியானால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வழி தரமற்றதா?

இதனைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் ஒரு பொருளின் நிழல், நண்பகலில் இருந்த நிழல் நீங்கலாக, அப்பொருளின் உயரத்திற்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்தின்படி அது இரு மடங்காக வேண்டும். தமிழகத்தில் இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு வருகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினரும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபினரும் மிகுதியாக வாழ்கின்றனர். இரண்டும் கலந்த குடும்பங்களும் பல. ஹனஃபி வீட்டில் பிறந்த பெண்ணொருத்தி ‘தரமானது’ என்பதைப் பார்த்து அதனையே நல்லது என்று தேர்ந்தெடுத்தால், தன் மத்ஹபின்படி நேரம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அஸர் தொழுதுவிடுவாள். அவள் யாரையும் ஏமாற்றவில்லை. அவளையும் யாரும் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. ஒரு சொல் பிசகியது, அவ்வளவே. அதனை ‘ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி’ என்றும் ‘ஹனஃபி’ என்றும் மாற்றினோம்.

ஸுப்ஹு நேரத்திலும் இத்தகைய நுட்பம் உண்டு. சூரியன் தொடுவானத்திற்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது வைகறை தொடங்குகிறது என்பதில் முறைக்கு முறை வேறுபாடு இருக்கிறது. கராச்சிப் பல்கலைக்கழகத்தின் முறையிலும் உலக முஸ்லிம் லீகின் முறையிலும் அது 18 பாகை. வட அமெரிக்காவில் பரவலாக அறியப்பட்ட முறையில் 15 பாகை. நம் பகுதியில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ நான்கு நிமிடங்கள். ஆகவே இங்கிருந்துகொண்டு 15 பாகையைத் தேர்ந்தெடுத்தவர், 18 பாகையைப் பின்பற்றும் தம் ஊர்ப் பள்ளியில் ஸஹர் முடிந்து பன்னிரண்டு நிமிடங்கள் கழிந்த பின்னும் உண்டுகொண்டிருப்பார். எனவே ஒவ்வொரு முறையின் பெயருக்கும் கீழே அது எப்பகுதிக்கு உரியது என்று ஒரு வரி விளக்கம் சேர்க்கலாம் என்று எழுதினேன். பராமரிப்பாளர் அதனை ஏற்றுக்கொண்டு எல்லா மொழிகளுக்கும் சேர்த்துவிட்டார். இங்கே நான் கேட்டது, எங்கோ வேறொரு மொழி பேசும் சகோதரிக்கும் பயன்படுகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

தமிழின் இயல்பு தந்த சிக்கலும் ஒன்றுண்டு. ‘அஸருக்கு இன்னும் 20 நிமிடங்கள்’ என்று சொல்ல வேண்டும். செயலியில் தொழுகையின் பெயர் தனியாகவும் மீதித் தொடர் தனியாகவும் இருக்கும். இயங்கும்போது இரண்டும் ஒட்டப்படும். முன்பு பெயரோடு ‘க்கு’ என்பதை ஒட்டியிருந்தார்கள். அதனால் ‘அஸர்க்கு’, ‘இஷாக்கு’ என்று வந்தது. அஸர் ‘அஸருக்கு’ ஆகும். இஷா ‘இஷாவுக்கு’ ஆகும். நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரைத் தொட்டதும் பெயர் உருமாறும். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வேற்றுமை உருபே தேவைப்படாதவாறு ‘அஸர்: இன்னும் 20 நிமிடங்கள்’ என்று தொடரை மாற்றி அமைத்ததும் சிக்கல் தீர்ந்தது. இதற்கு உதவியது எனக்குக் கிடைத்த பட்டயம் அன்று. எட்டாம் வகுப்பில் தமிழாசிரியர் கற்பித்த இலக்கணமே.

பிறகு ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. இலங்கையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அதே தமிழ்ப் பகுதியில் எனக்கு முன்பிருந்தே பணியாற்றி வந்தார். நான் ‘ரமலான்’, ‘லுஹர்’ என்று எழுதினேன். அவர் அவற்றை ‘ரமழான்’, ‘ளுஹர்’ என்று மாற்றினார். நம் மதரஸா நூல்களை எண்ணி நான் மீண்டும் மாற்ற, அவர்கள் நாட்டுப் பாடநூல்களை எண்ணி அவர் மீண்டும் மாற்ற, இரண்டு வாரங்கள் கழிந்தன. ஒலியை நோக்கினால் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த அரபி எழுத்துகளின் ஒலிக்குத் தமிழில் நேரான எழுத்து இல்லை. இங்கே ஒரு வழக்கம், அங்கே ஒரு வழக்கம். பிறகு அவரே ஸலாம் கூறி எழுதினார். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனிக் குறியீடு ஆண்ட்ராய்டில் உண்டு என்றும், பொதுவான தொடர்கள் ஒரே கோப்பில் இருக்கட்டும், வேறுபடும் சொற்களை மட்டும் இலங்கைக்கான சிறு கோப்பில் வைப்போம் என்றும் அவர் சொன்னார். அவ்வாறே செய்தோம். நானூறு தொடர்களில் வேறுபட்டவை முப்பதுக்கும் குறைவு! கருத்து வேறுபாட்டின் ஒழுக்கம் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது இதனை எடுத்துக்காட்டாகச் சொல்லி வருகிறேன்.

“இதனால் என்ன வருமானம்?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. வருமானம் இல்லை. மனிதன் இறந்த பின்னும் நன்மை தொடரும் வழிகளாக நபி (ஸல்) அவர்கள் கூறியவற்றுள் நிலையான தர்மமும் பயனளிக்கும் கல்வியும் உள்ளன. ஒருவர் திருத்திய ஒரு சொல்லைக் கொண்டு ஒருவர் சரியான நேரத்தில் தொழுதால் அதன் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

வேறொரு கேள்வி இன்னும் ஆழமானது. “இத்திட்டங்களில் முஸ்லிம் அல்லாதோரும் இருக்கிறார்கள், பொது நிரல் பகுதிகளைத் தவறான வழியில் பயன்படுத்துவோரும் இருக்கலாம். அதில் நாம் பங்கு பெறலாமா?” என்று மாணவர் ஒருவர் கேட்டார். நபித்துவத்திற்கு முன் மக்காவில், அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் இல்லத்தில், அநீதி இழைக்கப்பட்டோருக்குத் துணைநிற்போம் என்று குறைஷிகள் சிலர் உடன்படிக்கை செய்தனர். ஹில்ஃபுல் ஃபுளூல் எனப்படும் அதில் நபி (ஸல்) அவர்களும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பேன் என்று கூறினார்கள். நன்மையான காரியத்தில் கைகோர்ப்பதற்கு இந்த முன்மாதிரி போதும். கிணறு வெட்டியவன், அந்நீரைக் குடித்தவன் பிறகு செய்யும் பாவத்திற்குப் பொறுப்பாளி ஆவதில்லை என்றே நான் விளங்கியிருக்கிறேன். ஐயம் உடையோர் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

இப்பணியின் உயிர்நாடி அமானிதம். இதனை 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகிற்கே உணர்த்தியது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்னும் சிறு மென்பொருள், எண்ணற்ற லினக்ஸ் கணினிகளில் இருப்பது. அதனைப் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர் ஊதியமின்றி, தம் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். அவர் சோர்ந்திருந்த காலத்தில், “வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஒருவரிடம் ஒப்படையுங்கள்” என்று சிலர் கடிந்து எழுதி நெருக்கினர். அதே சமயம், ஒரு பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த யாரோ, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல திருத்தங்களைச் செய்து நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பு உரிமையையும் பெற்று, பிறர் கணினிகளுக்குள் கள்ளத்தனமாக நுழையும் வழியொன்றை அதில் புதைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், வழக்கமாக நடக்கும் செயலொன்று அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவி ஆராய்ந்து, அந்தச் சதியை வெளிப்படுத்தினார். பெருந்தீங்கு விலகியது.

ஹதீஸ் கலையைப் படித்தவர்களுக்கு இந்நிகழ்ச்சி அந்நியமாகத் தோன்றாது. 2005இல் உருவாக்கப்பட்ட ‘கிட்’ என்னும் கருவி, ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது செய்தார் என்று சங்கிலித் தொடராகப் பதிந்துவைக்கிறது. நடுவில் ஒரு கண்ணியை மாற்றினால் அடுத்து வரும் கண்ணிகள் அனைத்தும் மாறிவிடும், ஏமாற்று புலப்பட்டுவிடும். நம் இஸ்னாதை நினைவூட்டும் ஏற்பாடு இது. எனினும் சங்கிலி முழுமையாக இருந்தால் மட்டும் போதாது என்பதை நம் முஹத்திஸ்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். அறிவிப்பாளரின் நம்பகத்தன்மையை விசாரித்தார்கள். எவரென்று அறியப்படாதவரை ‘மஜ்ஹூல்’ என்று தனியே வகைப்படுத்தினார்கள். சங்கிலி சரியாகத் தோன்றும் செய்தியிலும் உள்ளே மறைந்திருக்கும் குறையைத் தேடினார்கள். எக்ஸ்இசட் நிகழ்ச்சியில் பெயர் பதிவாகியிருந்தது. அந்தப் பெயருக்குரியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. மறைந்திருந்த குறையைக் கண்டது ஒருவரின் கூர்மையான கவனம். புனைபெயரில் நேர்மையாக உழைப்போர் பலர் உள்ளனர்; அவர்களை ஐயுற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எவர் எழுதினாலும் இன்னொரு கண் அதனைப் பார்க்க வேண்டும் என்பதே பாடம். என் திருத்தங்களையும் இலங்கைச் சகோதரர் பார்த்த பின்னரே ஏற்கிறார்கள். அவருடையவற்றை நான் பார்க்கிறேன்.

திருத்தும் உரிமைக்கும் எல்லை உண்டு. குர்ஆனின் மூலத்தைக் கணினி எழுத்துருவில் பிழையின்றித் தருவதற்காக 2007இல் தொடங்கப்பட்ட ‘தன்ஸீல்’ என்னும் திட்டம், தன் மூலத்தை எவரும் படியெடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆனால் அதனை மாற்ற அனுமதிப்பதில்லை. நிரலைத் திருத்துவது நன்மை. வேதத்தின் எழுத்தை மாற்றுவது பெருங்குற்றம். இவ்விரண்டையும் பிரித்தறியும் கல்வி உடையோர் இத்தகைய திட்டங்களுக்கு மிகவும் தேவைப்படுகின்றனர். இலண்டன் போன்ற நகரங்களில் கோடைக்காலத்தில் சில வாரங்கள் சூரியன் 18 பாகை ஆழத்திற்கு இறங்குவதேயில்லை. அங்கே இஷாவையும் ஸுப்ஹையும் எவ்வாறு கணக்கிடுவது என்பதில் அறிஞர்கள் பல வழிகளைக் கூறியிருக்கிறார்கள். அவ்வழிகளை ஒரு நிரலாளருக்கு விளக்கிச் சொல்ல மதரஸாவில் படித்தவர்தாம் வேண்டும்.

ஆகவே சகோதர சகோதரிகளே, உங்கள் இல்லத்தில் ஒரு சிறிய தொடக்கத்தைச் செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தும் செயலியில் பிழையான சொல்லைக் கண்டால் முகம் சுளித்து விட்டுவிடாதீர்கள். அது திறந்த மூலமா என்று பிள்ளைகளிடம் பார்க்கச் சொல்லுங்கள். பிழையை அறிவிக்கும்போது எந்தக் கைப்பேசி, எந்த ஊர், எந்த நேரம் காட்டியது, எந்த நேரம் காட்டியிருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். முதலில் ஒரு நன்றி சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் பகலெல்லாம் வேலை செய்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, உங்களுக்காக ஊதியமின்றி விழித்திருப்பவராக இருக்கலாம். மக்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவராவார் என்னும் நபிமொழியின் கருத்து இங்கும் பொருந்தும். கணினி பயிலும் பிள்ளைகள் நிரலில் பங்களிக்கட்டும். தமிழறிந்த தாய்மார்கள் சொற்களைச் செம்மை செய்யட்டும். அரபி அறிந்த பெரியவர்கள் சரிபார்க்கட்டும்.

ஊர்க்கிணற்றில் நீர் இறைக்க எல்லோரும் வருவார்கள். ஆண்டுக்கொருமுறை தூர்வாரச் சிலரே வருவார்கள். அந்தச் சிலர் இல்லாமற் போனால் கிணறு மெல்ல மெல்லத் தூர்ந்துவிடும். நாம் அருந்தும் நீருக்குரிய கடமையை அறிந்து, அதில் நம் பங்கைச் செலுத்தும் மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக. நம் சிறு பணிகளைத் தூய எண்ணத்தோடு ஏற்றுக்கொள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.